பனிமலை நடையில் கால்களுக்கான அடுக்குகள்

குளிர்கால மலையேற்றத்துக்குப் புறப்படும் நம் ஊர்க்காரர்களின் பையைப் பிரித்துப் பார்த்தால், மேலுடம்புக்கு மூன்று நான்கு அடுக்குகள் யோசித்து வாங்கப்பட்டிருக்கும். கால்களுக்கோ அலமாரியில் இருந்த ஏதாவது ஒரு பேன்ட்டும் அதற்குள் போட்டுக்கொள்ள ஒரு தெர்மலும் மட்டுமே இருக்கும். ஆனால் பனியில் முழங்கால் வரை இறங்குவது கால்கள்தாம். சரிவில் உட்கார்ந்து சறுக்கும்போது நனைவதும், மலைமுகட்டில் வீசும் காற்றை நேராக வாங்கிக்கொள்வதும் தொடைகள்தாம். மேலே எவ்வளவு நல்ல ஜாக்கெட் இருந்தாலும், இடுப்புக்குக் கீழே ஈரமும் குளிரும் ஏறிவிட்டால் அன்றைய நடையில் மனம் ஒன்றாது.

கோவையில் வசிக்கும் நான், சில குளிர்காலங்களாக உத்தராகண்டின் பனிப்பாதைகளில் நடந்துவருகிறேன். அவற்றுள் எனக்கு நன்கு பழக்கமானது கேதார்காந்தா என்பதால், சொல்ல வந்ததை அந்தப் பாதையை வைத்தே சொல்கிறேன். டேராடூனிலிருந்து முசூரி, புரோலா, மோரி வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வண்டியில் சென்றால், சுமார் 1,950 மீட்டர் உயரத்தில் சாங்க்ரி என்ற மலைக்கிராமம் வரும். அங்கிருந்து ஓக், பைன் மரக் காடுகளின் வழியே ஏறி, ஜூடா கா தாலாப் என்ற ஏரிக்கரையில் ஓர் இரவும் அடிவார முகாமில் ஓர் இரவும் தங்கி, 3,810 மீட்டர் உயரமுள்ள உச்சியை விடியற்காலையில் அடைவது பலரும் பின்பற்றும் முறை. வானம் தெளிந்திருந்தால் உச்சியிலிருந்து சுவர்க்காரோகிணியும் பந்தர்பூஞ்சும் தெரியும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி சாங்க்ரிக்கும் உச்சிக்கும் இடையில் மட்டும் ஏறக்குறைய 12 டிகிரி வேறுபாடு உண்டு. ஜனவரி மாதத்து இரவில் அடிவார முகாமில் மைனஸ் 10 டிகிரி வரை இறங்குவது சாதாரணம். அதே பாதையில் நண்பகலில் வெயில் படும் சரிவில் சுமையோடு ஏறும்போது முதுகும் தொடைகளும் வியர்க்கும். ஒரே நாளுக்குள் இவ்விரண்டையும் சந்திக்க வேண்டியிருப்பதால், எவ்வளவு தடிமனான பேன்ட் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போவதில் பயனில்லை. நடக்கும்போது கால்களுக்கு என்ன வேண்டும், நின்றுவிட்டால் என்ன வேண்டும் என்று பிரித்துக் கேட்டுக்கொண்டால்தான் சரியான உடை கைக்கு வரும்.

உடம்பின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் புட்டத்திலும் இருக்கின்றன. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் அசைவாக மாறுகிறது. மற்றதெல்லாம் வெப்பமாக வெளியேறுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் தரும் என்றால், முதுகுச் சுமையோடு மேடேறுகிறவரின் உடம்பு அதைப்போல் நான்கைந்து மடங்கு தரும். அதில் பெரும்பகுதி பிறப்பது கால்களிலேயே. மேலுடம்புக்கு மூன்று அடுக்கு தேவைப்படும் அதே குளிரில், நடந்துகொண்டிருக்கும் கால்களுக்கு ஒன்றரை அடுக்குப் போதும் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் நடை நின்ற பத்தாவது நிமிடத்தில் அந்த வெப்பம் அடங்கிவிடும். அதற்குள் தொடையில் வியர்வை தங்கியிருந்தால், குளிர் அந்த ஈரத்தின் வழியாகத்தான் உள்ளே வரும்.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. துணி நம்மைச் சூடாக வைத்திருப்பது அதன் இழைகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்றினால். அந்தக் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் துணி வெறும் சுமையாகிறது. பருத்தி நூல் நீரை உறிஞ்சி இழைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், எளிதில் உலராது. நம் ஊர் வெயிலுக்கு அதை வரமாக்கும் குணமே பனிமலையில் ஆபத்தாகிறது. ஜீன்ஸ் வேண்டாம் என்பது இப்போது பலருக்கும் தெரியும். தெரியாமல் உள்ளே நுழைவது வேறு வடிவங்களில் வரும் பருத்தி: ட்ராக் பேன்ட், சூடிதார் லெகிங்ஸ், உள்ளாடைக் கடைகளில் தெர்மல் என்ற பெயரில் கிடைக்கும் பருத்தி கலந்த பின்னலாடை. ஊட்டியில் விடுதி அறைக்குள் தூங்குவதற்கு அவை நல்லவைதாம். வியர்க்க வியர்க்க ஏறுவதற்கு உரியவை அல்ல.

இதை என் தங்கை மகளோடு போனபோது மிகத் தெளிவாகப் பார்த்தேன். கல்லூரியில் படிக்கும் அவள், வழக்கமாகச் சூடிதாருக்குப் போடும் லெகிங்ஸையே உள்ளே அணிந்து முதல் நாள் நடந்தாள். ஏறும்போது ஒரு சிரமமும் இல்லை. எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஏரிக்கரை முகாமை அடைந்து, வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கியதும், “பெரியம்மா, தொடையெல்லாம் ஜில்லுனு ஒட்டிக்கிச்சு. நடக்கிறப்போ ஒண்ணுமே தெரியலையே” என்றாள். கூடாரத்துக்குள் போய் என்னிடமிருந்த மாற்றுத் தெர்மலை அணிந்துகொண்ட பிறகுதான் அவளுக்கு நடுக்கம் நின்றது. அவள் கழற்றிப்போட்ட லெகிங்ஸ் மறுநாள் காலையில் விறைத்துக் கிடந்தது. நடக்கிறபோது ஒன்றும் தெரியாமலிருப்பதுதான் பருத்தியிடம் நாம் ஏமாறும் இடம். வாங்கும் துணியின் உட்புறத்தில் தைத்திருக்கும் சீட்டைப் படித்து, பருத்தி என்ற சொல் பெரும்பங்காக இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடலாம். உள்ளாடைக்கும் இதே விதி பொருந்தும். நல்ல தெர்மலுக்கு அடியில் பருத்தி உள்ளாடை அணிந்தால், வியர்வை அதிகம் தங்கும் இடத்திலேயே ஈரத்தைக் கட்டிவைத்ததாகிவிடும்.

தோலை ஒட்டிய அடுக்குக்கு இரண்டே தேர்வுகள்தாம். பாலியஸ்டர் நீரை இழைக்குள் ஏறக்குறைய விடுவதே இல்லை, வியர்வையை மேற்பரப்பில் பரப்பி விரைவில் உலரவிடும், விலையும் குறைவு. நாற்றம் பிடிப்பது மட்டுமே அதன் குறை. மெரினோ கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. பல நாள் அணிந்தாலும் நாறாது. ஆனால் விலை அதிகம், உலர நேரமாகும், மெல்லிய மெரினோ உள்தொடையில் உராய்ந்து ஓட்டை விழுந்துவிடும். நான் நடப்பதற்குப் பாலியஸ்டரையும் தூங்குவதற்கு மெரினோவையும் வைத்திருக்கிறேன். கனத்தைப் பொறுத்தவரை, சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை உள்ள துணி நடைக்குப் போதும். 250 கிராம் துணியைக் கடையில் தொட்டுப் பார்த்தால் ஆசையாக இருக்கும். ஏற்றத்தில் அது வியர்வைப் பையாகிவிடும்.

தெர்மல் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. குனியும்போது முதுகின் கீழ்ப்பகுதி வெளியே தெரியாதபடி இடுப்பு உயர்ந்திருக்க வேண்டும். கணுக்கால் வரை வரும் தெர்மலை அணிந்தால், அதன் விளிம்பும் காலுறையும் ஷூவின் கழுத்துப் பட்டையும் ஒரே இடத்தில் சேர்ந்து நாள் முழுவதும் கெண்டைக்காலில் அழுத்தும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் முக்கால் நீளத் தெர்மல், நீண்ட கம்பளிக் காலுறை தொடங்கும் இடத்தில் நின்றுவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை. சிறு விஷயம் போலத் தெரியும். இரண்டாம் நாள் இறக்கத்தில் அதன் அருமை புரியும்.

இனி நடைக்குரிய பேன்ட். இங்கேதான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. மேலுடம்பு வியர்த்தால் பாதையில் நின்று ஒரு ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிடலாம். கால்களில் அது முடியாது. ஷூவும், அதன்மேல் பனி உள்ளே புகாதபடி கெண்டைக்காலைச் சுற்றிக் கட்டும் கெய்ட்டர் என்ற உறையும், சில இடங்களில் வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக் என்ற முள்சங்கிலியும் மாட்டியிருக்கும் நிலையில், பனியில் நின்றுகொண்டு, காற்றில், கூட நடப்பவர்கள் பார்த்திருக்க, உள்ளே போட்ட தெர்மலை யார் கழற்றுவார்கள்? காலையில் கூடாரத்துக்குள் எடுக்கும் முடிவோடுதான் மாலை வரை நடக்க வேண்டும். ஆகவே, உள்ளடுக்கை அன்று எந்த வேளையில் அதிகம் வியர்க்குமோ அந்த வேளைக்கு ஏற்றபடி மெல்லியதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிகக் குளிரும் வேளையைச் சமாளிக்கும் பொறுப்பை, ஷூவைக் கழற்றாமலே போடவும் எடுக்கவும் முடிகிற வெளியடுக்கிடம் ஒப்படைக்க வேண்டும்.

இதன்படி நான் நடப்பது இப்படி. சாங்க்ரியிலிருந்து ஏரி வரை, வெயில் இருந்தால், தெர்மல் இல்லாமல் சாஃப்ட்ஷெல் பேன்ட் மட்டும். சாஃப்ட்ஷெல் என்பது நெருக்கமாக நெய்த, கொஞ்சம் இழுபடும் நைலான் துணி. காற்றைப் பெருமளவு தடுக்கும், உலர்ந்த பனியைத் தட்டிவிட்டால் விழுந்துவிடும், வியர்வை ஆவியையும் வெளியே விடும். கிளம்பும் முதல் பத்து நிமிடம் கால்கள் குளிரும், குளிரட்டும். கிளம்பும்போதே சுகமாக இருந்தால் அரை மணி நேரத்தில் வியர்க்கும் என்று பொருள். ஏரியிலிருந்து அடிவார முகாம் வரை, மேகமூட்டமாக இருந்தால் மெல்லிய தெர்மல் சேரும். உட்புறம் ஃப்ளீஸ் என்ற புசுபுசுப்பான செயற்கைத் துணி ஒட்டிய கனமான பேன்ட்டுகளும் கிடைக்கின்றன. அதை வாங்கினால் அதையே ஒற்றை அடுக்காக அணிய வேண்டும். அதற்குள் தெர்மலும் போட்டால் இரண்டு துணிகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒவ்வோர் அடியிலும் முழங்காலைப் பின்னுக்கு இழுக்கும். ஏற்றத்தில் கால் தூக்கித் தூக்கி வரும் களைப்பில் ஒரு பங்கு அதனாலேயே வருகிறது. உள்ளடுக்கின் மேற்புறமும் அடுத்த அடுக்கின் உட்புறமும் வழுவழுப்பாக இருப்பது, கடையில் எவரும் சொல்லித் தராத, ஆனால் கட்டாயம் கையால் தடவிப் பார்க்க வேண்டிய விஷயம்.

உச்சிக்குப் போகும் இரவு தனிக் கதை. அதிகாலை மூன்று மணியளவில் கிளம்பும்போது குளிர் உச்சத்தில் இருக்கும். மரங்களின் எல்லையைத் தாண்டியதும் காற்றும் சேர்ந்துகொள்ளும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வெளியே தெரியும் தோலுக்கு அது மைனஸ் 20 டிகிரி போல உறைக்கும். தொடையின் முன்பக்கமும் முழங்காலும்தான் இதை முதலில் உணரும் இடங்கள். முழங்காலில் சதை குறைவு, தொடையோ காற்றுக்கு எதிரே பலகைபோல் விரிந்து நிற்கிறது. அந்த இரவில் தெர்மல், சாஃப்ட்ஷெல் ஆகியவற்றின் மேல் நீர்புகாத ஷெல் பேன்ட்டையும் அணிகிறேன். அது கனமாக இருக்க வேண்டியதில்லை. காற்றை நிறுத்தினால் போதும். வெப்பத்தைத் தொடைகளே உண்டாக்கிக்கொள்ளும்.

ஷெல் பேன்ட் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது பக்கவாட்டு ஜிப்பைத்தான். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முழு நீளத்துக்கும் ஜிப் இருந்தால் ஷூவைக் கழற்றாமல் நின்றபடியே அணியலாம், கழற்றலாம். மேலிருந்தும் கீழிருந்தும் திறக்க முடிந்தால் இன்னும் நல்லது. செங்குத்தான ஏற்றம் வரும்போது இடுப்பிலிருந்து தொடை நடு வரை திறந்துவிட்டால் வெப்பம் வெளியேறும். முகட்டை அடைந்ததும் இழுத்து மூடிக்கொள்ளலாம். எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டி, சரிவு தொடங்குவதற்கு முன்பே, வியர்ப்பதற்கு முன்பே, ஜிப்பைத் திறந்துவிடுவதைக் கவனித்திருக்கிறேன். உடை பற்றி நான் கற்றவற்றுள் மிகப் பயனுள்ள பழக்கம் அது. கணுக்காலில் ஒரு சாண் ஜிப் மட்டுமே உள்ள பேன்ட்டுகள் விலை குறைவு; ஆனால் மைக்ரோஸ்பைக் மாட்டிய ஷூவை அதற்குள் நுழைத்தால் துணி கிழியும்.

நீர்த்தடுப்புக்கு 10,000 மில்லிமீட்டர் (நீர் கசியாமல் துணி தாங்கும் நீர்த்தூணின் உயரம்) என்று குறித்திருந்தால் இந்தப் பாதைக்குப் போதும். நடப்பதைவிட உட்காரும்போதும் முழங்காலிடும்போதும்தான் நீர் அழுத்தத்தோடு துணிக்குள் புக முயலும் என்பதால், அதைவிடக் குறைந்த எண்ணை நம்ப வேண்டாம். பனியின் தன்மையும் முக்கியம். கடுங்குளிரில் விழும் பனி மாவுபோல் உலர்ந்திருக்கும். அதற்கு ஷெல் தேவையே இல்லை. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் நண்பகலில் கரையத் தொடங்கும் பனிதான் துணியை ஊறவைக்கும். கேதார்காந்தா உச்சியிலிருந்து இறங்குகையில் பலரும் சரிவில் உட்கார்ந்து சறுக்குவார்கள். சரியாக அந்த வேளையில்தான் பனி ஈரமாகியிருக்கும். சறுக்க ஆசைப்படுகிறவர்கள் ஷெல்லை அணிந்தே சறுக்க வேண்டும். பணம் குறைவாக இருந்தால் இந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இருசக்கர வாகன மழைக்கோட்டின் பேன்ட்டே போதும். அதை அணிந்து ஏறக் கூடாது. ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே நனைந்துபோவீர்கள்.

கெய்ட்டரை சாங்க்ரியிலேயே வாடகைக்கு எடுக்கலாம், மைக்ரோஸ்பைக்கும் அப்படியே. கெய்ட்டர் பேன்ட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ஷெல் அணியும்போது ஷெல்லின் கால்விளிம்பு கெய்ட்டரின் மேல் விழ வேண்டும். மாற்றிப் போட்டால் தொடையில் வழியும் நீர் நேரே ஷூவுக்குள் இறங்கும். ஆனால் ஆழமான பனியில் நடக்கும்போது விளிம்பு மேலேறும் என்பதால், ஷெல்லின் அடியில் உள்ள நாடாவை இறுக்கிக்கொள்ள வேண்டும்.

அடுக்குகள் கூடக்கூட இடுப்பில்தான் சண்டை தொடங்கும். தெர்மலின் எலாஸ்டிக், பேன்ட்டின் பொத்தான், பெல்ட்டின் கொக்கி, ஷெல்லின் நாடா ஆகிய நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர, அவற்றின் மேல் முதுகுப்பையின் இடுப்புப்பட்டை நாள் முழுவதும் அழுத்தும். இடுப்பெலும்பில் சிவந்து தடித்துப்போன பலரைப் பார்த்திருக்கிறேன். கொக்கி இல்லாத தட்டையான துணிப்பட்டையோ, தோளில் மாட்டும் நாடாவோ இதற்குத் தீர்வு. அளவு பார்க்கும்போது எல்லா அடுக்குகளையும் ஒரே நேரத்தில் அணிந்து, முழுவதுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு ஒரு காலை முழங்கால் உயரப் படியில் வைத்து ஏற வேண்டும். கவட்டையில் இழுத்தாலோ, தொடையில் இறுகினாலோ அடுத்த அளவுக்குப் போய்விடுங்கள். இறுக்கினால் அடுக்குகளுக்கு நடுவே உள்ள காற்று நசுங்கிவிடும். மூன்று அடுக்கு அணிந்தும் ஒன்றின் பயன்கூடக் கிடைக்காது. கவட்டையில் சாய்சதுரத் துணி வைத்துத் தைத்த பேன்ட்டும், முழங்காலில் முன்வளைவு உள்ள பேன்ட்டும் ஏறுவதற்கு இலகுவானவை.

முகாமை அடைந்தவுடன் செய்ய வேண்டியதற்குச் சில நிமிடங்களே அவகாசம். குளிர் தெரிந்த பிறகு போர்த்திக்கொள்வதைவிட, உடம்பில் நடையின் சூடு இருக்கும்போதே அதை அடைத்துவைப்பது எளிது. செயற்கைப் பஞ்சோ வாத்துத்தூவியோ அடைத்த தளர்வான பேன்ட்டை நடை பேன்ட்டின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். உள்ளே ஈரம் இருந்தால் முதலில் உள்ளடுக்கை மாற்றிவிட்டுத்தான் அதைப் போட வேண்டும். தூங்குவதற்கென்று ஒரு தெர்மலை நீர்புகாத பையில் கட்டிவைத்து, என்ன நடந்தாலும் அதை அணிந்து நடக்காமல் இருப்பது நான் விட்டுக்கொடுக்காத விதி. லேசாக ஈரமான தெர்மலைத் தூக்கப்பைக்குள் வயிற்றருகே வைத்தால் காலையில் உலர்ந்திருக்கும். ஊறிப்போன பேன்ட்டை அப்படி வைக்கக் கூடாது. தூக்கப்பையும் சேர்ந்து நனையும்.

பெண்களுக்காக ஒன்று தனியே சொல்ல வேண்டும். குளிரில் பல அடுக்குகளை இறக்க வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிக்காமலே நடக்கும் பெண்கள் ஏராளம். உயரமான இடத்தில் அது தலைவலியையும் களைப்பையும்தான் கூட்டும். முழு நீளப் பக்கவாட்டு ஜிப் உள்ள ஷெல்லில் மேற்பகுதியை மட்டும் திறந்து பின்பக்கத்தை இறக்க முடியும்; உள்ளே பொத்தான் இல்லாமல் எலாஸ்டிக் இடுப்பு மட்டும் கொண்ட பேன்ட் இருந்தால் கையுறையோடே வேலை முடியும். மேலே தொடை நடு வரை வரும் நீண்ட ஜாக்கெட் மறைப்பாகவும் இருக்கும், புட்டத்துக்குச் சூடாகவும் இருக்கும். மாதவிலக்கு நாள்கள் பயணத்தில் வரக்கூடும் என்றால், உள்ளாடையோடு தெர்மலிலும் கூடுதலாக ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க இயலாதவர்கள், முதலில் பாலியஸ்டர் தெர்மல் இரண்டு வாங்கட்டும். அடுத்து சாஃப்ட்ஷெல், அது ஆண்டு முழுவதும் நீலகிரியிலும் பயன்படும். மூன்றாவதாக முழு ஜிப் ஷெல். பஞ்சு பேன்ட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை ஃப்ளீஸ் பைஜாமா அந்த இடத்தை நிரப்பும். வாங்கியதை ஜனவரி மாதத்து அதிகாலையில், ஊட்டிக்கு அருகே உறைபனி விழும் தலைக்குந்தா பக்கம் ஒரு மணி நேரம் மேடேறியும், பிறகு கால் மணி நேரம் அசையாமல் நின்றும் சோதித்துப் பாருங்கள். பனிமலை அளவுக்குக் குளிர் அங்கே கிடையாது என்றாலும், எந்தத் துணி வியர்வையை வைத்துக்கொள்கிறது, எந்த இடுப்புப்பட்டை அறுக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

திரும்பி வந்ததும் ஷெல்லைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். அது மேற்பரப்பின் நீர்விலக்கும் பூச்சைக் கெடுக்கும். குறைந்த அளவு திரவச் சோப்பில் அலசி, நன்றாகக் கழுவி, நிழலில் காயவைக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாக உருளாமல் துணியில் பரவுகிறது என்றால், சீட்டில் இஸ்திரி அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேலே ஒரு மெல்லிய துணியை விரித்து மிகக் குறைந்த சூட்டில் தேய்த்துப் பாருங்கள். பூச்சு பெரும்பாலும் மீண்டும் வேலை செய்யும். அப்படியும் நீர் பரவினால், அடுத்த பயணத்துக்கு முன் நீர்விலக்கும் பூச்சை வாங்கி மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும்.